சீட்டுக்கட்டின் பின்பக்கம்: குறைந்த செலவில் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

வேலூரில் யாரிடமாவது "நான் சீட்டு சேர்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மாசம் எவ்வளவு, எத்தனை பேர், ஏலமா குலுக்கலா என்றுதான் அடுத்த கேள்வி வரும். நான் சொல்வது அந்தச் சீட்டு இல்லை, ரம்மி ஆடுகிற சீட்டு. அதிலும் ராஜா ராணி இருக்கிற முன்பக்கம் இல்லை, ஆடும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பின்பக்கம். ஒன்பது வருடமாகச் சேர்க்கிறேன், 700-க்கு மேல் டிசைன் இருக்கிறது, மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சுமாரான மொபைல் வாங்குகிற காசு கூட ஆகியிருக்காது.

இவ்வளவு மலிவாக முடிவதற்கு ஒரே காரணம்தான். கட்டு சேர்ப்பவருக்கு 52 சீட்டும் ஜோக்கரும் பெட்டியும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் மதிப்பு போய்விடும். பின்பக்கம் சேர்ப்பவருக்கு ஒரு டிசைனுக்கு ஒரு சீட்டு போதும். நாலு சீட்டு தொலைந்த கட்டு ஆடவும் உதவாது, விற்கவும் உதவாது. ஊரெல்லாம் அலமாரி இழுப்பறையில் கிடப்பவை அந்த மாதிரிக் கட்டுகள்தான், நல்ல டிசைன்களில் பாதி அவற்றில்தான் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

முதலில் மூன்று கட்டு வாங்கிப் பாருங்கள்

எடுத்த எடுப்பில் இணையத்தில் போய் எதையும் வாங்க வேண்டாம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ லாங்கு பஜாரிலோ ஒரு பேன்சி ஸ்டோர், ஒரு ஸ்டேஷனரி கடை, ஒரு பெட்டிக்கடை என்று மூன்று வேறு கடைகளில் ஏறி, இருப்பதிலேயே விலை குறைந்த கட்டை ஒவ்வொன்று வாங்குங்கள். வீட்டுக்கு வந்து மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சீட்டை எடுத்து, குழல் விளக்குக்குக் கீழே அல்ல, ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். அரை மணி நேரம் அவற்றையே பாருங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

முதலில் கண்ணில் படுவது அளவு. சீட்டில் இரண்டு அளவுதான் பெரும்பாலும் புழங்குகிறது. அகலமானது போக்கர் அளவு, 63 மில்லிமீட்டருக்கு 88. ஒல்லியானது பிரிட்ஜ் அளவு, அகலம் 57, உயரம் கிட்டத்தட்ட அதேதான். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் ஒல்லிச் சீட்டில் டிசைன் போடுகிறவர் நடு வட்டத்தைச் சுருக்க வேண்டியிருக்கும், கொடிகளை மேலும் கீழுமாக இழுக்க வேண்டியிருக்கும், ஒரே டிசைன் இரண்டு அளவிலும் வந்தால் இரண்டும் வேறு வேறு முகம் காட்டும்.

அடுத்தது வெள்ளை ஓரம். பெரும்பாலான சீட்டுகளில் டிசைனைச் சுற்றி வெள்ளைக் கரை விட்டிருப்பார்கள். அச்சடித்த பெரிய தாளை வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் படம் வெட்டுப்படாமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு. மலிவான கட்டுகளில் நகர்ந்திருப்பது அப்பட்டமாகத் தெரியும், ஒரு பக்கம் ஓரம் தடியாகவும் எதிர்ப்பக்கம் நூல் மாதிரியும் இருக்கும். ஓரமே இல்லாமல் விளிம்பு வரை டிசைன் ஓடுகிற சீட்டும் உண்டு. அமெரிக்காவில் 1892-லிருந்து வருகிற 'பீ' கட்டின் சாய்சதுர வலை அந்த வகைதான். ஓரமில்லாத கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பிலேயே நிறம் கோடு கோடாகத் தெரியும்.

மூன்றாவது, சீட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். மாறாமல் அப்படியே இருந்தால் அது திருப்பு டிசைன், மாறினால் நேர்ப்படம். ஆட்டத்துக்கென்று செய்த சீட்டு திருப்பு டிசைனாகத்தான் இருக்கும், ஏனென்றால் எந்தச் சீட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பின்னாலிருந்து தெரிந்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். விளம்பரத்துக்கும் சுற்றுலா நினைவுக்கும் செய்தவை பெரும்பாலும் நேர்ப்படம். தாஜ்மகாலைத் தலைகீழாகக் காட்ட யாருக்கும் மனசு வராதே. மார்கழிக் கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் திருப்பு டிசைன் உடனே புரியும்: ஓவியர் வரைவது பாதிதான், மற்றப் பாதி அதையே அரை வட்டம் சுற்றி வைத்தது. அந்த இரண்டு பாதியும் நடுவில் எப்படிக் கைகோக்கிறது என்பதில்தான் திறமை தெரியும். சாதாரணமான டிசைனில் நடுவில் ஒரு பூவை வைத்து மறைத்துவிடுவார்கள். நல்ல டிசைனில் மேலிருந்து வருகிற கொடியே கீழே போகிற கொடியாக மாறியிருக்கும், எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியாது. நம்ம கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போகும்போது கல்லில் ஓடுகிற கொடிக்கருக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள், கொடி எங்கே கிளை பிரிகிறது, வெற்றிடத்தை எப்படி நிரப்புகிறது என்று. அந்தக் கண்ணோடு சீட்டைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

பின்பக்கம் ஏன் இப்படி இருக்கிறது

இது தெரியாமலும் சேர்க்கலாம். தெரிந்தால் தேடுவது சுலபம், அதனால் சொல்கிறேன். ஐரோப்பாவில் சீட்டுகளின் பின்பக்கம் ரொம்ப காலம் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. அழுக்குப் பட்டால், ஒரு மைத்துளி விழுந்தால், அந்தச் சீட்டு எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொடிப்பொடியான வலையும் புள்ளியும் போட்டால் கறை அதில் ஒளிந்துகொள்ளும். ஆக இந்த அழகு முதலில் அழுக்கை மறைக்க வந்தது. லண்டனில் தாமஸ் டி லா ரூ என்பவர் 1831-ல் சீட்டு அச்சடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு வண்ண அச்சு மலிவாகி, ஓவன் ஜோன்ஸ் மாதிரி பெரிய அலங்காரக் கலைஞர்களே சீட்டின் பின்பக்கத்துக்கு வரைந்து கொடுத்தார்கள். நம் நாட்டுப் பழைய சீட்டான கஞ்சீபாவில் கதை வேறு. வட்டச் சீட்டு, தசாவதார கஞ்சீபா என்றால் பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120, முன்பக்கம் முழுக்கக் கையால் வரைந்த ஓவியம், பின்பக்கம் வழக்கமாக ஒரே நிறத்தில் பூசிவிடுவார்கள். அதே பிரச்சினைக்கு வேறொரு தீர்வு, அவ்வளவுதான்.

இன்றைக்கு உலகத்தில் அதிகம் பார்க்கப்பட்ட பின்பக்கம் எது என்று கேட்டால், 'பைசிக்கிள்' என்ற அமெரிக்கக் கட்டின் 'ரைடர் பேக்' என்று தயங்காமல் சொல்வேன். 1887-லிருந்து வருகிறது. இலைச்சுருள்களுக்கு நடுவே ஒரு வட்டம், அதில் ஒரு குட்டித் தேவதை சைக்கிள் ஓட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அசலை வாங்க எங்கும் கிடைக்கும், அதைப்பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எனக்கு ஆர்வம் அதைப் பார்த்து வரைந்த நகல்களில்தான். பெயர் தெரியாத அச்சகங்கள் அதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று நழுவியிருக்கிறது. என்னிடம் இருக்கிற 23 நகல்களில் ஒன்றில் சைக்கிள் சக்கரம் தாமரையாகிவிட்டது. ஒன்றில் தேவதையின் சிறகு போய் முதுகில் துண்டு போட்ட மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் தேவதையே இல்லை, வட்டத்துக்குள் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சுற்றியிருக்கிற இலை ஒவ்வொன்றும் அசலில் உள்ள அதே இடத்தில். வரைந்தவர் யாரென்று தெரியாது. அந்தக் கிளியை அவர் விரும்பி வைத்திருக்கிறார் என்பது அதன் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. இதை யாரும் சேர்ப்பதில்லை, விலையும் இல்லை, எனக்குத் தெரிந்து சேர்க்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வகை கிடையாது.

எங்கே தேடுவது

பழைய பேப்பர் கடையிலிருந்து ஆரம்பியுங்கள். வீடு காலி செய்கிறவர்கள் பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாவற்றோடும் சீட்டுக்கட்டையும் மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள். நான் போகிற கடை வேலூர்ச் சைதாப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. முதல் தடவை கடைக்காரர் பாயிடம் கேட்டபோது ஒரு கட்டை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இதுல நாலு சீட்டு கொறையுதே, இத வெச்சி இன்னா பண்ணப்போற?" என்றார். எனக்கு ஒரு சீட்டுதான் வேண்டும் என்று சொல்லி விளக்கியதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இப்போது சீட்டு வந்தால் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார், மாதம் ஒருமுறை போனால் டப்பாவோடு கொடுப்பார். இதுதான் முறை: கடைக்காரரிடம் என்ன தேடுகிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், உங்கள் கையால் ஒரு சீட்டை மாதிரிக்குக் காட்டுங்கள், அவர் எடுத்து வைத்ததில் உங்களுக்கு வேண்டாதது இருந்தாலும் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் திரும்பினால் அடுத்த மாதம் டப்பா இருக்காது.

அடுத்தது வேலூருக்கே உரிய ஒரு இடம், லாட்ஜ். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காந்தி ரோட்டிலும் பக்கத்துச் சந்துகளிலும் இருக்கிற லாட்ஜ்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ரிப்போர்ட் வரும் வரை, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரும் வரை, காத்திருப்பதுதான் அவர்களுக்கு வேலை. சாயங்காலம் மாடியில் சீட்டு போடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டு, நம் கடைகளில் கிடைக்காத டிசைன்.

அவர்கள் ஆடுவது பெரும்பாலும் டுவென்டி நைன். நம்ம பக்கம் ஆடுகிற இருபத்தெட்டுக்கு உறவு. அதற்கு 32 சீட்டுதான் வேண்டும், ஏழிலிருந்து ஏஸ் வரை. ஆறுகளைப் புள்ளி காட்ட வைத்துக்கொள்வார்கள். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து ஆகிய பதினாறு சீட்டும் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும். ஒருநாள் தெரிந்த ரூம் பாய் என்னை மாடிக்குக் கூட்டிப் போனான். கொல்கத்தா பக்கத்திலிருந்து மனைவியின் வைத்தியத்துக்கு வந்த ஒரு பெரியவர் தன் கட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். ஜாக்கிகளும் ஒன்பதுகளும் விளிம்பெல்லாம் கறுத்து, மூலை நைந்து, துணி மாதிரி ஆகியிருந்தன. அந்த ஆட்டத்தில் அதிகப் புள்ளி அந்த இரண்டுக்கும்தான். நான் பின்பக்கத்தையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் பெட்டியைத் தட்டி ஒரு கிளாவர் நாலை எடுத்துக் கொடுத்தார், இது எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொள் என்று இந்தியில் சொன்னார். அப்போதுதான் அச்சிலிருந்து வந்த மாதிரி மொடமொடவென்று இருந்தது. கருநீலத்தில் மீன்வலை மாதிரிக் கோடுகள், நடு வட்டத்தில் இரண்டு மயில்கள், ஒன்றின் தோகை மற்றதன் கழுத்தைச் சுற்றி வருகிறது. வீட்டில் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மேல் மயிலுக்குக் கொண்டையில் மூன்று இறகு, கீழ் மயிலுக்கு இரண்டுதான். பாதியைத் திருப்பி வைத்து அச்சுக்குத் தயார் செய்தபோதோ, தகடு தேய்ந்தோ, ஒரு இறகு போய்விட்டது. என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதனால் எந்தப் பழைய கட்டைப் பார்த்தாலும் முதலில் இரண்டிலிருந்து ஐந்து வரை தேடுங்கள். ரம்மி ஆடிய கட்டு என்றால் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும், அதில் பெட்டிக்குள் மிஞ்சியிருக்கிற கூடுதல் ஜோக்கரைப் பாருங்கள், அதுதான் புதிதாக இருக்கும். லாட்ஜுக்குப் போவதில் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அங்கே இருப்பவர்கள் நோயோடும் கவலையோடும் வந்தவர்கள். நேராக அறைக் கதவைத் தட்டாதீர்கள். மேனேஜரிடம் சொல்லுங்கள், காலி செய்த அறைகளில் விட்டுப்போன கட்டு இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

மனமகிழ் மன்றங்களில் கட்டுகளை அடிக்கடி மாற்றுவார்கள், கொஞ்சம் வளைந்தாலே ஓரம் கட்டிவிடுவார்கள். உள்ளே போக வேண்டிய அவசியமில்லை, வாசலில் இருக்கிறவரிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஆனால் அங்கே வருவது ஒரே மாதிரி டிசைன், இரண்டு மூன்று தடவைக்கு மேல் புதிதாக ஒன்றும் இருக்காது. கேசினோவிலிருந்து வந்த சீட்டு என்று யாராவது கொடுத்தால் நடுவில் துளை போட்டோ மூலை வெட்டியோ இருக்கும், மறுபடி ஆட்டத்துக்குள் வராமலிருக்க அவர்களே செய்வது அது. குறையென்று ஒதுக்க வேண்டாம்.

திருவிழாக் கடைகளை விடாதீர்கள். குடியாத்தத்தில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு, வேலூரில் சித்ரா பௌர்ணமி புஷ்ப பல்லக்கு, இந்த மாதிரி நாட்களில் தரையில் பொம்மை பரப்பி வைத்திருப்பவர்களிடம் கட்டை விரல் அளவுக் குட்டிச் சீட்டுக்கட்டு இருக்கும். அச்சு சுமார்தான், ஆனால் நிறம் துணிச்சலாக இருக்கும், இளஞ்சிவப்பில் பச்சை வலை மாதிரி. குடியாத்தத்துக்குப் போனால் இன்னொரு பலனும் உண்டு. அது தீப்பெட்டித் தொழில் நடக்கிற ஊர், தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்கள் அங்கே கண்ணில் படுவார்கள், அவர்களுக்கும் நமக்கும் சுலபமாக ஒத்துப்போகும், சின்னக் காகிதத்தில் பெரிய டிசைன் என்பதுதானே இரண்டுமே.

மாதம் ஒருநாள் ஒதுக்க முடிந்தால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சுற்றுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் தரையில் உட்கார்ந்து கிளற முடியாது. விமானக் கம்பெனிகள் பயணிகளுக்குக் கொடுத்த கட்டுகள் எனக்கு அங்கேதான் கிடைத்தன. ஏர் இந்தியா மகாராஜா 1946-ல் பாபி கூக்காவும் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கியவர். அவர் படம் போட்ட சீட்டு விமானப் பொருள் சேர்ப்பவர்கள் கண்ணில் பட்டால் விலை ஏறிவிடும், ஆனால் பாதிக் கட்டாக இருந்தால் அவர்கள் தொடமாட்டார்கள், நமக்கு ஒற்றைச் சீட்டு சும்மா மாதிரி வந்துவிடும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் "கலந்த பழைய சீட்டுகள்" என்று மொத்தமாகப் போடுகிறவற்றை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் படத்தைத்தான் போடுவார்கள். பின்பக்கத்தை வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள், கீறலும் மடிப்பும் அதில்தான் தெரியும். படம் அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை

கட்டாகக் கிடைத்தால் முதலில் பின்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கட்டை விரலால் வேகமாக உதிர்த்துப் பாருங்கள். டிசைன் அசையாமல் நின்றால் சரி. ஏதோ ஒரு கோடோ பூவோ துள்ளினால் அது அடையாளச் சீட்டு, மேஜிக் கடையில் விற்கிறது, ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் பின்பக்க டிசைனிலேயே ஒளித்து வைத்திருக்கும். ஆட்டத்துக்கு அதை எடுக்கக் கூடாது. சேர்ப்பதற்கு அருமையான பொருள், இதற்கு மட்டும் முழுக் கட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 52-ம் வேறு வேறு.

அடுத்து லென்ஸ். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று போதும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் ரொம்ப நல்லது. கோடு கெட்டியாக ஒரே நிறத்தில் தெரிந்தால் அந்த நிறத்து மையை நேரடியாக அச்சடித்தது. நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தால் நாலு வண்ண அச்சு, அதாவது புகைப்படமோ கம்ப்யூட்டரில் செய்ததோ. என்னிடம் கேட்டால் முதல் வகைக்குத்தான் முதலிடம். ஒரே ஒரு சிவப்பு மையை வைத்துக்கொண்டு, கோட்டின் தடிமனை மட்டும் மாற்றி, இருட்டும் வெளிச்சமும் காட்டியிருப்பார்களே, அந்த வேலை இப்போது அரிது.

மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். நல்ல சீட்டு இரண்டு தாளை ஒட்டிச் செய்தது, நடுவில் வெளிச்சம் புகாத கறுப்பு அல்லது நீலப் பசை இருக்கும். மலிவானதில் முன்பக்கம் அப்படியே தெரியும். பின்பக்கம் சேர்ப்பவருக்கு இது பெரிய குறை இல்லை, ஆனால் ஆல்பத்தில் வைக்கும்போது பின்னால் வெள்ளைத் தாள் ஒன்று வைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் மயில் நடுவே இஸ்பேடு தெரியும்.

காசு விஷயம் சுருக்கமாக. ஒற்றைச் சீட்டுக்கு நான் பத்து ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை, அரைக்கட்டுக்கு முப்பது நாற்பது. இதை மீறியது நாலைந்து தடவைதான், அதில் இரண்டைப் பற்றி இன்றும் வருத்தம். யாராவது "ஆன்டிக்" என்று ஆரம்பித்தால் இஸ்பேடு ஏஸைக் கேளுங்கள். தயாரித்தவர் பெயரும் பல நேரம் ஊரும் அதில்தான் அச்சடித்திருக்கும். அது இல்லாத கட்டுக்குப் பழசு என்று சொல்லிப் பணம் கேட்பது நியாயமில்லை.

சுத்தம் செய்வது

காகிதச் சீட்டில் தண்ணீர் படவே கூடாது. ஈரத்துணியும் வேண்டாம், தாள் ஊறிப் பிரிந்துவிடும். சீட்டு வழுக்க வேண்டும் என்று ஆடுகிறவர்கள் முகப் பவுடரோ கேரம் பவுடரோ தூவுவது உண்டு, பழைய கட்டில் அது கோட்டுக்குள் போய் மங்கலாக்கியிருக்கும். குழந்தைகள் படம் வரைகிற மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தட்டிவிட்டாலே டிசைன் பளிச்சென்று வரும். வெள்ளை ஓரத்தில் கை அழுக்கு இருந்தால் மிருதுவான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள், டிசைன் மேல் தேய்க்காதீர்கள். முழுப் பிளாஸ்டிக் சீட்டு என்றால் மட்டும் ஈரத்துணியால் துடைக்கலாம். வளைந்த சீட்டை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துத் தடித்த அகராதிக்குள் பத்து நாள் விட்டால் நிமிர்ந்துவிடும், இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம்.

வேலூர் வெயிலில் வைத்துக் காப்பது

இரண்டாவது வருடம் எனக்கு ஒரு பெரிய நஷ்டம் வந்தது. வகை வகையாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டு, தகரப் பெட்டியில் அடுக்கி, மாடி அறையில் வைத்திருந்தேன். அக்னி நட்சத்திரம் முடிந்து திறந்தால் ரப்பர் உருகிச் சீட்டோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் டிசைன் உரிந்து வருகிறது, உருகாத இடத்தில் விளிம்பில் வெட்டு விழுந்திருக்கிறது. எழுபது சீட்டுக்கு மேல் போனது. அதில் பதினொன்று திரும்ப எங்குமே கிடைக்கவில்லை.

அதிலிருந்து கற்றது: ரப்பர் பேண்டு, செல்லோடேப், பசை, லேமினேஷன் நாலும் கூடாது. விளையாட்டு வீரர் அட்டை சேர்ப்பவர்கள் வைத்திருக்கிற ஒன்பது பை உள்ள பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள், போக்கர் அளவுச் சீட்டு அதில் கச்சிதமாக உட்காரும், பிரிட்ஜ் அளவு கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிவிசி தாள் வெப்பத்தில் கசிந்து மையைப் பிடித்துக்கொள்ளும். மூக்கருகே வைத்தால் புது ரெக்சின் மாதிரி வாடை வந்தால் பிவிசி, வேண்டாம். ஆல்பத்தை நிற்க வையுங்கள், படுக்க வைத்து மேலே மேலே அடுக்கினால் அடியில் இருப்பது அழுந்தி ஒட்டும். மாடி அறை வேண்டாம், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், வீட்டின் நடு அறையில் தரையிலிருந்து ஒரு முழம் மேலே வைத்தால் போதும்.

மழைக்காலத்துக்குச் சிலிக்கா ஜெல். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற உறவினர் ஒருவராவது நம் ஊரில் எல்லோருக்கும் இருப்பார், ஷூ பெட்டியில் போடுகிற அந்தப் பொட்டலம்தான். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஏட்டுச்சுவடிக்குச் செய்கிற மாதிரி வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வையுங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

நோட்டுப் போடுவது

இதைத் தள்ளிப்போட்டால் பிறகு முடியவே முடியாது, முதல் சீட்டிலிருந்தே எழுதுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று, ஒரு சீட்டுக்கு ஒரு வரி: வரிசை எண், கிடைத்த தேதி, இடம், கொடுத்த காசு, அளவு, நிறம், ஓரம் உண்டா, திருப்பு டிசைனா நேர்ப்படமா. டிசைனுக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள், "கிளி வட்டம்", "துண்டு போட்ட தேவதை" என்று, கம்பெனி வைத்த பெயர் தெரிந்தாலும் இதுதான் நினைவில் நிற்கும். எண்ணைச் சீட்டின் மேல் எழுதாதீர்கள், பையில் சின்னத் துண்டுச் சீட்டாகச் சொருகுங்கள். கட்டிலிருந்து எடுத்தது என்றால் பின்பக்கத்துக்கு ஒன்றோடு இஸ்பேடு ஏஸ் ஒன்று, ஜோக்கர் ஒன்று, ஆக மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் அச்சடித்தது என்பதை ஏஸ் சொல்லும், ஜோக்கர் சில சமயம் பின்பக்கத்தைவிட அழகாக இருக்கும்.

மிச்சத்தை மாற்றிக்கொள்வது

ஒரு கட்டில் மூன்று போக மீதி ஐம்பது சொச்சம் கையில் நிற்கும், எல்லாம் ஒரே டிசைன். அதுதான் உங்கள் முதல். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பெண்கள் போன நூற்றாண்டில் பல பத்து வருடம் இப்படித்தான் ஒற்றைச் சீட்டுகளைப் பின்பக்கப் படத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதற்கு 'ஸ்வாப் கார்டு' என்றே பெயர். ஒரு சீட்டின் எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. தடித்த அட்டை இரண்டுக்கு நடுவே ஐந்தாறு சீட்டை வைத்துச் சாதாரணத் தபாலில் அனுப்பலாம். சீட்டு தபாலில் வளையாமலிருக்க அட்டை சீட்டைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும். முதலில் நீங்கள் அனுப்புங்கள், பதிலுக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். எனக்கு வந்த நல்ல சீட்டுகளில் பாதி, நான் கேட்காமலே ஒருவர் கூடச் சேர்த்து வைத்து அனுப்பியது.

சீட்டுக் கம்பெனிகள் ஒரே டிசைனைச் சிவப்பிலும் நீலத்திலும் ஜோடியாகப் போடுவது வழக்கம், அதனால் ஒன்று கிடைத்தால் மற்றது எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். நோட்டின் கடைசிப் பக்கத்தை இந்தத் தேடலுக்கு ஒதுக்குங்கள். என் நோட்டில் இப்போது 41 வரி இருக்கிறது. முதல் வரி அந்த நீல மயிலின் சிவப்பு ஜோடி. காந்தி ரோட்டில் மூன்று லாட்ஜ் மேனேஜர்களிடமும் பாயின் கடையிலும் படத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கிடைத்தால் முதலில் கீழ் மயிலின் கொண்டையைத்தான் எண்ணுவேன்.